துஆவுக்கு ஏந்திய கை

எமரால்டு
14.5.2025

ஷாயிஸ்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் இல்லாமல் கடிதம் தொடங்கக் கூடாது என்பதால் சொல்கிறேன்.

அல்லாவிடம் கேட்க நாங்கள் ஏந்திய கைகளை, உன் கம்பெனிக்குச் சம்மதம் சொல்லத் தூக்கிய கைகள் என்று அச்சடித்து ஊர் ஊராகக் கொடுத்திருக்கிறீர்கள். இதுதான் நடந்த அநியாயம். படத்தை எடுத்தவள் நீ.

சோலூர் பாலன் நேற்றுக் கேரட் மூட்டைகளை இறக்கிவிட்டுக் கடைக்கு வந்தார். ஊட்டியில் ஏதோ ஓட்டல் கூட்டத்தில் கொடுத்தார்களாம், ஒரு புத்தகத்தைக் கல்லாமேல் வைத்தார். வழவழ என்று மீன்தோல் மாதிரித் தாள். முதல் பக்கத்தில் அணை, மேகம், பூ. நடுப்பக்கத்தில் நான். பள்ளிவாசல் முற்றத்தில் முன்வரிசை, தலையில் தொப்பி, கண் மூடியிருக்கிறது, இரண்டு உள்ளங்கையும் முகத்துக்கு நேரே. எங்கள் முன்னால் இருந்த கஞ்சிச் சட்டிகளை மட்டும் படத்திலிருந்து வெட்டிவிட்டீர்கள். கீழே இருந்த இங்கிலீஷை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். "எமரால்டு மக்கள் கைகளை உயர்த்தித் திட்டத்துக்கு ஒப்புதல் தருகிறார்கள்."

எதிர்க்கடை இசக்கி எட்டிப் பார்த்தான். "ஏனுங் பாய், எப்பங்க மனசு மாறுச்சு? கண்ண மூடிட்டே கைய தூக்கிட்டீங்களே!" என்றான். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நாற்பது வருஷமாக இந்தக் கடைவீதியில் எடை குறைத்தான் என்றுகூட என்னைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

எழுத்தில் இருக்கட்டும் என்பதற்காக நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஐரோப்பாவில் ஒரு கம்பெனி, கோயம்புத்தூரில் நீ வேலை பார்க்கும் கம்பெனி, இரண்டும் கூட்டு. மலையைக் குடைந்து, பகலில் அணைத் தண்ணீரை மேலே ஏற்றி, சாயங்காலம் கீழே இறக்கிக் கரண்ட் எடுக்கப் போகிறார்கள். பாறையைப் பரீட்சை பார்க்க என்று பள்ளிவாசலுக்கு மேலே மலையில் துளை போட்டார்கள். போட்ட மாதத்திலேயே, தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்யும் தொட்டிக்கு வந்துகொண்டிருந்த ஊற்று சாம்பல் நிறமானது. பிறகு நின்றே போனது. கூப்பிட்ட கூட்டத்தில் எல்லாம் நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஊர் சம்மதிக்காமல் ஐரோப்பாக்காரர்கள் பணம் போட மாட்டார்கள் என்று எனக்குச் சொன்னதே நீதான்.

பிறகு நோன்பு வந்தது. பதினோராம் நோன்புக் கஞ்சி உன் அம்மா ஹாஜிரா பேரில் வருஷாவருஷம் நான் ஊற்றுவது. "இந்த வருஷம் நான் ஊத்தறேன் அத்தா" என்றாய். மனம் குளிர்ந்து சரி என்றேன். ஐரோப்பாக் கம்பெனியின் வெள்ளைக்காரம்மாவையும் கூட்டிவந்தாய். விருந்தாளி என்று நாற்காலி போட்டேன். போனைத் தூக்கினாய். என்ன என்றேன். "எனக்குத்தான் அத்தா, அம்மா நாள் ஞாபகத்துக்கு" என்றாய்.

அன்று நான் கேட்டது இரண்டு. மண்ணுக்குள் உன் அம்மாவின் கப்ர் வெளிச்சமாக இருக்க வேண்டும். ஊற்று திரும்ப வர வேண்டும்.

அந்தப் படத்தை எடுக்கச் சொல். போனில் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். போனில் பேசினால் மறுநாள் அப்படிச் சொல்லவே இல்லை என்பாய்.

வஸ்ஸலாம்.
அப்துல் கையூம்


கோயம்புத்தூர்
22.5.2025

அன்புள்ள அத்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். "அப்துல் கையூம்" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். மின்வாரியத்துக்குப் புகார் எழுதும்போது போடுவது மாதிரி. பரவாயில்லை.

படம் நான் எடுத்ததுதான். அழகாக இருந்தது. நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள், சாயங்கால வெயில் கையில் விழுந்தது. ஆபீஸ் வாட்ஸப் குழுவில் போட்டேன். அவ்வளவுதான். அதை யார் எடுத்துப் புத்தகத்தில் வைத்தார்கள், யார் அப்படி எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. அச்சான பிறகுதான் நானே பார்த்தேன். ஐரோப்பாக்காரர்கள் ஊர்க் கூட்டத்தில் கையைத் தூக்கினால் சம்மதம் என்று அர்த்தம். வேறு எதற்காகவும் இத்தனை பேர் சேர்ந்து கையைத் தூக்கி அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். வேண்டுமென்று செய்தது இல்லை.

நீங்கள் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. பள்ளிவாசலுக்குக் கம்பெனி கொடுத்த தண்ணீர் வடிகட்டும் இயந்திரத்தை ஜமாஅத் செயலாளர் நௌஷாத் அண்ணன் மாலை போட்டு வாங்கினார். அன்றைக்கு யாருக்கும் கை கூசவில்லை. எனக்குத் தலாக் ஆகி ஊருக்கு வந்தபோது, "வேலைக்குப் போற பொண்ணு, இப்படித்தான் ஆகும்" என்று கடை வாசலில் நின்று சொன்னவரும் அவர்தான். நீங்கள் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தீர்கள். நிமிரவில்லை.

இரண்டு நாள் கரண்ட் போனால் நீங்கள் மின்வாரியத்தைத் திட்டும் திட்டு ஊட்டிவரை கேட்கும். நிலக்கரி எரித்தால் புகை. அணு உலை என்றால் பயம். மலை என்றால் ஊற்று. யார் வாசலுக்கும் வராமல் கரண்ட் எங்கிருந்து வரும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த பதிப்பில் திருத்தச் சொல்லிவிட்டேன். அதுவரை அந்தப் புத்தகத்தைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் விரித்துக் காட்டாதீர்கள் அத்தா. யார் தயவும் இல்லாமல் நான் நிற்பது இந்த வேலையால்தான்.

ஒரே ஒரு தடவை போனை எடுங்கள்.

ஷாயிஸ்தா


எமரால்டு
30.6.2025

ஷாயிஸ்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

திருத்திய புத்தகம் வந்தது. இந்த முறை தபாலில், என் பேருக்கே அனுப்பியிருக்கிறீர்கள், தடித்த உறையில். அதே படம். கீழே மட்டும் மாற்றி எழுதியிருக்கிறது: "எமரால்டு மக்கள் திட்டத்தின் வெற்றிக்காகப் பிரார்த்திக்கிறார்கள்."

படித்துவிட்டுக் கடையை மூடினேன். பகல் பதினொரு மணிக்கு. உன் அம்மா ஜனாஸாவுக்குப் பிறகு அந்த நேரத்தில் நான் கடையை மூடியதில்லை.

முதலில் எங்களை ஓட்டுப் போட வைத்தீர்கள். இப்போது எங்கள் ஊற்றை அடைத்த துளைக்காக எங்களையே துஆ கேட்க வைத்துவிட்டீர்கள். தப்பைத் திருத்தச் சொன்னால் அதற்குப் புதுச் சட்டை தைத்துப் போட்டிருக்கிறீர்கள். அது துஆ என்று அங்கே உனக்குத்தான் தெரியும். ஆகையால் இந்த வரி எங்கேயோ இருக்கிற வெள்ளைக்காரன் எழுதியது இல்லை. நீ சொல்லிக்கொடுத்து எழுதியது. இல்லை என்றால் இல்லை என்று எழுது.

அதே பக்கத்தில், கீழே, பொடி எழுத்தில் இன்னொன்றும் இருந்தது. கண்ணாடி போட்டுப் படித்தேன். "கம்பெனியின் செலவில் நடந்த இப்தார் நிகழ்ச்சி."

உன் அம்மா பேரில் ஊற்றிய கஞ்சி அது. கண்ணை மூடி துஆ கேட்டு, பேரீச்சம்பழத்தில் நோன்பைத் திறந்து, "என் மக ஊத்துன கஞ்சி" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிச் சொல்லி இரண்டு சட்டி குடித்தேன்.   விலைக்கு விற்ற கஞ்சியில், இது இன்னாருக்காக என்ற நிய்யத்தை விற்றவன் வைப்பானா, வாங்கியவன் வைப்பானா? ஹாஜிராவுக்கு அன்று என்ன போய்ச் சேர்ந்தது? கம்பெனி விளம்பரம்.

கூட்டு வியாபாரம் என்றால் எனக்குத் தெரியும். ஆறுக்குட்டியோடு சேர்ந்து உருளைக்கிழங்கு மண்டி வைத்திருந்தேன். ஒருவன் முதல் போடுவான், ஒருவன் உழைப்பைப் போடுவான், இரண்டு பேர் பேரும் பலகையில் இருக்கும். உங்கள் கூட்டில் ஐரோப்பாக்காரன் பணம் போடுகிறான். கோயம்புத்தூர்க்காரன் மெஷின் போடுகிறான். தண்ணீரைப் போட்டவன் நான். என் பேர் பலகையில் இல்லை. மூஞ்சி மட்டும் புத்தகத்தில் இருக்கிறது.

நௌஷாத் வாங்கிய இயந்திரத்துத் தண்ணீரில் நான் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. வீட்டிலிருந்து ஒளு செய்துகொண்டு போகிறேன். நீ எழுதிய மற்றதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். நான் பருப்பு நிறுத்தேன், நிமிரவில்லை. சரி. நௌஷாத் கடனுக்குச் சாமான் வாங்கும் கடை அன்றோடு மாறியது. ஏன் என்று அவனிடம் கேள்.

அப்துல் கையூம்


கோயம்புத்தூர்
9.7.2025

அத்தா,

ஸலாம்.

இல்லை என்று எழுத முடியாது. "இது சம்மதம் இல்லை, பிரார்த்தனை" என்று நான்தான் சொன்னேன். படத்தை எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். எழுத்தை மாற்றினார்கள். எதற்காகப் பிரார்த்தனை என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கஞ்சிக்கு என் பணத்தைத்தான் எடுத்துவைத்தேன். விருந்தாளி வருகிறார், கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றார் மேனேஜர். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அரிசி அரிசிதானே, அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள் என்று தோன்றியது. அம்மா இருந்திருந்தால் இதற்காக என்னோடு பேசாமல் இருந்திருக்க மாட்டாள். திட்டிவிட்டுச் சோறு போட்டிருப்பாள்.

செப்டம்பரில் மார்கிட் மறுபடி வருகிறார். நீங்கள் நாற்காலி போட்ட அம்மாதான். எமரால்டு சமுதாயக் கூடத்தில் மக்கள் கருத்துக் கேட்பு. அவர் திரும்பிப் போய்ச் சொல்வதை வைத்துத்தான் ஐரோப்பாவில் பணம் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். மொழிபெயர்ப்பது நான்.

வாருங்கள். சத்தம் போடாமல் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதை அப்படியே சொல்கிறேன்.

ஷாயிஸ்தா


எமரால்டு
21.9.2025

ஷாயிஸ்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

அப்படியே சொல்கிறேன் என்று எழுதியிருந்தாய். கடிதம் என்னிடம் இருக்கிறது.

நான் சத்தம் போடவில்லை. கூடத்தில் இருந்த எல்லோரும் சாட்சி. "அம்மா, எங்க ஊத்து போச்சுங்க. பள்ளித் தொட்டில காக்கா குளிக்கக்கூடத் தண்ணி இல்லீங்க. நாங்க ஒருக்காலும் சம்மதம் சொல்லல. புஸ்தகத்துல நீங்க போட்டது ஓட்டுப் போட்ட கை இல்லீங்க, அல்லாகிட்ட ஊத்தைத் திருப்பிக் கேட்ட கை" என்றேன். இன்னும் சொன்னேன். உனக்கே தெரியும். நான் சொல்லி முடித்ததும் நீ தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரே வரி சொன்னாய்: அவருக்குத் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் கவலை இருக்கிறது. ஊட்டி சீசனில் டூரிஸ்ட்டுகளுக்கு யூகலிப்டஸ் தைலம் விற்றவன் நான். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குத் தெரியும்.

அந்தம்மா சேலையும் மல்லிகைப்பூவுமாக உட்கார்ந்து என்னைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தாள். ஆஸ்பத்திரியில் கிழவனைப் பார்த்துச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. உன் வாய் வேண்டாம், நானே காட்டிவிடலாம் என்று தோன்றியது. எழுந்து முன்னால் போனேன். இரண்டு உள்ளங்கையையும் ஏந்தினேன். "இது துஆ" என்றேன். பிறகு வலது கையை மேலே தூக்கி, "இது சம்மதம். இதை நாங்க செய்யல" என்றேன்.

பின்னாலிருந்து இசக்கி கத்தினான். "பாய், கைய இறக்குங்க! போட்டோ புடிக்கறானுங்க!"

இறக்குவதற்குள் நாலு தடவை வெளிச்சம் அடித்தது. ஏந்தியபோது ஒருவனும் எடுக்கவில்லை. தூக்கியபோது எடுத்தான். அந்தம்மா கை தட்டினாள். அவளைப் பார்த்து நௌஷாத் கை தட்டினான். அவனைப் பார்த்துக் கூடமே தட்டியது. நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாய்.

வரும் வழியில் பாலன், "இந்தத் தடவ நெசமாவே தூக்கிப்போட்டீங்க பாய்" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சோலூர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அந்தக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். சாப்பிட உட்கார்ந்தேன், அந்தக் கையால் அள்ளப் பிடிக்கவில்லை. எழுந்துவிட்டேன். அருவருப்பு உங்கள் மேல் மட்டும் இல்லை. பேப்பர் கப்பில் அவர்கள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கை தட்டிய என் ஊர் மேலும்தான்.

உன்னிடம் கேட்க ஒன்றும் இல்லை. அன்று நான் சொன்னதைத் தமிழ் தெரிந்த எல்லோரும் கேட்டார்கள். அந்தம்மாவுக்கு எடுத்துச் சொல்லும் வாய் உன்னிடம் மட்டும்தான் இருந்தது.

அப்துல் கையூம்


கோயம்புத்தூர்
12.11.2025

அத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத ஆறேழு தடவை உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் காரணம்தான் வந்தது. மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் நின்றார். "சுருக்கமா, சுருக்கமா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.  இதெல்லாம் உண்மை. எழுதிப் பார்த்தால் உண்மை மாதிரி இல்லை, கிழித்துவிட்டேன்.

அதனால் பதிலுக்குப் பதிலாக வேறு ஒன்று எழுதினேன். அன்று கூடத்தில் நீங்கள் பேசியது முழுவதையும், ஒரு சொல் விடாமல், இங்கிலீஷில் எழுதி மார்கிட்டுக்கும் அவர்கள் தலைமை ஆபீஸில் புகார் பார்க்கிற இடத்துக்கும் அனுப்பினேன். காக்கா குளிப்பதைக்கூட விடவில்லை. நோன்பில் எடுத்த படத்தை வெட்டாமல், கஞ்சிச் சட்டிகளோடு சேர்த்து அனுப்பினேன். எங்கள் ஊரில் கையை ஏந்தினால் என்ன, தூக்கினால் என்ன என்று எழுதவே ஒரு பக்கம் ஆனது. எழுதும்போதுதான் தெரிந்தது, இதை யாருக்கும் விளக்க வேண்டி வரும் என்று நான் நினைத்ததே இல்லை. அந்த ஒரு வரி மொழிபெயர்ப்பு என்னுடையது, தவறானது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மார்கிட் ஒரே வரி எழுதினார். "நான் அன்று கை தட்டினேனே" என்று. அவ்வளவுதான்.

கோயம்புத்தூரில் மறுவாரமே மேஜையைக் காலி செய்யச் சொன்னார்கள். இப்போது ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் இருக்கிறேன். ஐரோப்பாக் கம்பெனி முடிவைத் தள்ளிவைத்திருக்கிறது என்று கேள்வி. தள்ளிவைப்பதற்கும் விடுவதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். சந்தோஷப்பட்டுவிடாதீர்கள்.

நீங்கள் எப்படியும் சந்தோஷப்பட மாட்டீர்கள். பாராட்டுவதற்காகவும் எழுதவில்லை. சொல்கிறேன் என்று சொன்னேன், சொல்லிவிட்டேன். ஒரு மாதத்துக்கு மேல் தாமதம்.

ஷாயிஸ்தா


எமரால்டு
4.1.2026

ஷாயிஸ்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. துளை போட்ட மெஷின் போகட்டும், பிறகு எழுதலாம் என்று இருந்தேன். போன வாரம் லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். துளையை மூடவில்லை. ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஊற்று வரவில்லை. மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். முட்டிவலி.

திட்டம் நின்றுவிட்டது என்று இசக்கி எல்லோருக்கும் ஓசி டீ கொடுத்தான். நான் குடிக்கவில்லை. நின்றது எதுவும் இல்லை. இவர்கள் போனால் வேறு இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்து வருவார்கள். அவர்களுக்கும் ஒரு புத்தகம் இருக்கும். ஆகையால் செய்ய வேண்டியதை எழுதுகிறேன். நீ இங்கிலீஷில் எழுதி அனுப்ப வேண்டியவர்களுக்கு அனுப்பு. ஒரு வரியாகச் சுருக்காதே.

கோயம்புத்தூர்க் கம்பெனி அந்தத் துளையை அடிவரை அடைத்துத் தர வேண்டும். அடைக்கும் அன்று நானும் பாலனும் பக்கத்தில் நிற்போம். ஐரோப்பாக் கம்பெனி, படம் போட்ட அதே புத்தகத்தில், அதே பக்க அளவில், அது பொய் என்று அச்சடிக்க வேண்டும். பொடி எழுத்தில் போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன். கூடத்தில் நான் கை தூக்கிய இரண்டாவது படத்தை எங்கேயும் போடக் கூடாது. போட்டால் நான் சொன்னது முழுவதும் கூடவே வர வேண்டும். அந்த மார்கிட் அம்மா மறுபடி வந்தால் வரட்டும். நாற்காலி போடுவேன். இந்த முறை முதலில் ஊற்று இருந்த இடத்துக்குக் கூட்டிப்போவேன், சேலை சேறாகும், பரவாயில்லை.

நௌஷாத் அந்த இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மாலை போட்டு வாங்கினான், மாலை போட்டே கொடுக்கட்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் எல்லோர் முன்னாலும் சொன்னேன். "குழாயத் தொறந்தா தண்ணி வருதுல்ல பாய்" என்றான். எந்த ஊர் தண்ணி என்று கேட்டேன்.  கொடுக்கும்வரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்பேன்.

நீ செய்ய வேண்டியது இது. போன வருஷக் கஞ்சி உன் அம்மாவுக்குப் போய்ச் சேரவில்லை. அந்த நாள் இன்னும் பாக்கி இருக்கிறது. வரும் நோன்பில் பதினோராம் நாளுக்கு முந்தின நாளே வந்துவிடு. அரிசியையும் பாசிப்பருப்பையும் உன் சம்பளத்தில் வாங்கி வா. என் கடையில் எடுக்காதே, தர மாட்டேன். அண்டாவைக் கிண்டப் பள்ளிவாசல் மோதினார் இருக்கிறார், அரிசியைக் களைந்து போடுவது நீயாக இருக்க வேண்டும். அந்த இயந்திரத்துத் தண்ணீர் அதில் ஒரு சொட்டும் விழக் கூடாது. கீழ்த்தெருக் கிணற்றிலிருந்து குடத்தில் நான் கொண்டுவருவேன். முட்டிவலி என்று குடத்தை வாங்க வராதே.

ராத்திரி வீட்டிலேயே தங்கு. உன் அறையில் உருளைக்கிழங்கு மூட்டை போட்டிருந்தேன், எடுத்துவிட்டேன். போனைக் கோயம்புத்தூரிலேயே வைத்துவிட்டு வா கண்ணு.

என் பங்கு ஒன்றுதான். முன்வரிசையில் போன வருஷம் உட்கார்ந்த அதே இடத்தில் உட்காருவேன். ஹாஜிராவுக்காகவும் ஊற்றுக்காகவும் இரண்டு கையையும் ஏந்துவேன். இந்த முறை கண்ணை மூட மாட்டேன்.

அத்தா